ஊட்டி ட்ரிப்புக்கு கார்ல போலாம்ங்கற 90ஸ் கிட்ஸ், ரயில்ல தான் வருவேங்கற 2கே தங்கச்சி, யார் பக்கம் நியாயம்?

நெய்வேலிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிச்சிட்டு பதில் சொல்லுங்க.

வர்ற மே மாசம் கசின்ஸ் எல்லாரும் சேர்ந்து ஊட்டி போலாம்னு வாட்சப் க்ரூப்ல பேச்சு ஆரம்பிச்சுது. மொத்தம் ஒம்போது பேரு. என்னை மாதிரி 90ஸ் கிட்ஸ் அஞ்சு பேரு, 2கே கிட்ஸ் மூணு பேரு, அப்புறம் எங்க ஆயா, அவங்களுக்கு 74 வயசு, இது போக அண்ணனோட ஒன்றரை வயசு பாப்பா. நான் வழக்கம்போல ரெண்டு கார் எடுத்துக்கலாம், சென்னைல இருந்து விடியக்காலம் மூணு மணிக்கு கெளம்புனா மதியம் சாப்பாட்டுக்கு மேல போயிடலாம்னு ப்ளான் போட்டேன். சித்தி பொண்ணு, காலேஜ் கடைசி வருஷம் படிக்குது, உடனே மெசேஜ் போட்டுச்சு, "அண்ணா ரெண்டு கார்லனா நான் வரல, நைட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ்ல மேட்டுப்பாளையம் போயி அங்க இருந்து கவர்மென்ட் பஸ் ஏறலாம், நாலு நாள் தங்குவோம், ஓடி ஓடி ஒரே நாள்ல பத்து எடம் பாக்க வேணாம்"னு.

அதுக்கு எங்க பெரிய அண்ணன், "போன வருஷம் ஃப்ரெண்ட்ஸோட கோவாவுக்கு ஃப்ளைட்ல போனியே, அப்ப எங்க போச்சு இந்த சுற்றுச்சூழல் அக்கறை"னு கேட்டுட்டாரு. அது க்ரூப்ப விட்டே வெளிய போயிடுச்சு. ரெண்டு நாளா எனக்கு மனசே சரியில்ல, ஏன்னா அந்த பொண்ணு சும்மா பேசுற ஆள் கெடையாது. எங்க போனாலும் ஸ்டீல் பாட்டில், துணிப்பை, ஒரு ஸ்பூன் எல்லாம் பையில இருக்கும், கடைல தண்ணி பாட்டில் வாங்கி நான் பாத்ததே இல்ல. அதே சமயம் கோவா போனதும் நெசம் தான்.

நான் யோசிச்சுப் பாத்தேன். 2003ல ஏழாவது படிக்கும்போது ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் ஊட்டிக்கு தான் போனோம். அப்பல்லாம் ஒரு ரூபா தண்ணி பாக்கெட் ஃபேமஸ், பல்லால கடிச்சு குடிச்சிட்டு மலைப்பாதைல ஜன்னல் வழியா வீசிக்கிட்டே போனோம், அம்பது பசங்க இருந்த பஸ்ல ஒருத்தர் கூட போடாதன்னு சொல்லல, சாரும் சொல்லல. ஆனா அந்த பஸ்ல அம்பது பேர் போனோம். காலேஜ் படிக்கும்போது எங்க போனாலும் அன்ரிசர்வ்ட் தான், கைல காசு இல்ல. இப்ப கார் லோன் கட்டுறேன், கார் இருக்குதேன்னே வருஷத்துக்கு நாலு ட்ரிப் போறேன், சில சமயம் நானும் வைஃபும் ரெண்டே பேர். குப்பை போடுறத நாங்க நிறுத்திட்டோம், அது உண்மை, ஆனா பெட்ரோல்?

அதனால கேக்குறேன். ஒரு காருக்கும் பஸ் ரயிலுக்கும் நெஜமாவே அவ்ளோ வித்தியாசம் வருமா? 2கே பசங்க கிட்ட உண்மையிலயே மாற்றம் வந்திருக்கா இல்ல பாட்டில் பையோட நின்னுடுதா? மலைல இருக்கறவங்க யாராவது இருந்தா நீங்க பாக்குறத சொல்லுங்க. அப்புறம் ஆயாவ முட்டிவலியோட ரயில் பஸ்னு கூட்டிட்டு போக முடியுமா, அதையும் சொல்லுங்க.

குன்னூர் மழை:

நான் குன்னூர்ங்க, பொறந்து வளந்தது எல்லாம் இங்க தான், வீட்டு மேல மூணு ரூம் கட்டி வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறோம், அதனால 90ஸ், 2கே ரெண்டு செட்டையும் வருஷம் பூரா பாக்குறேன்.

மொதல்ல குப்பை விஷயம். உங்க ஸ்கூல் பஸ் கதைய படிச்சப்ப வயித்த பெசைஞ்சுது, ஏன்னா நாங்க அதே வயசுல அத பொறுக்குன புள்ளைங்க. 2000 வாக்குல சுப்ரியா சாகு மேடம் இங்க கலெக்டரா இருந்தப்ப ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்னு ஆரம்பிச்சாங்க, தமிழ்நாடு பூரா பிளாஸ்டிக் தடை வந்தது 2019 ஜனவரில தான், எங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துருச்சு. இப்ப இங்க தண்ணி பாட்டில் விக்கக்கூடாது, அங்கங்க தண்ணி ஏடிஎம் வெச்சிருக்காங்க. 2கே பசங்க வந்து எறங்குனதும் கேக்குற மொத கேள்வியே "அக்கா தண்ணி எங்க புடிக்கலாம்"னு தான், 90ஸ் ஆளுங்க கார் டிக்கில ஒரு பண்டல் பாட்டில ஒளிச்சு வெச்சு கொண்டு வருவாங்க, செக்போஸ்ட்ல மாட்டுனா கோவம் வேற. இந்த ஒரு விஷயத்துல சின்னப் பசங்களுக்கு நான் முழு மார்க் போடுவேன்.

ஆனா உங்க வயசுக்காரங்க கிட்ட இன்னொன்னு இருக்குதுங்க, யாரும் பேச மாட்டேங்கறாங்க. கைக்குழந்தையோட வர்றீங்கல்ல, டயபர். மூணு நாள் ஒரு குழந்தை இருந்துச்சுன்னா ஒரு பை ரொம்பிரும். எங்க ஊரு குப்பை ஓட்டுப்பட்டறைக்கு போகுது, ஊட்டி குப்பை தீட்டுக்கல்லுக்கு போகுது, மலைல குப்பை கொட்ட சமதள எடம் ஏதுங்க. டயபர் மக்கவும் மக்காது, பிரிச்சு வேற எதுக்கும் குடுக்கவும் முடியாது. ராத்திரில கரடியும் காட்டுமாடும் குப்பைத்தொட்டிய கொடையுது, எங்க தெருவுலயே பாத்திருக்கேன். கீழ கோயம்புத்தூர்ல மருதமலை பக்கம் 2025 மே மாசம் ஒரு பொம்பள யானை செத்துப்போச்சு, வயித்துல குட்டி, கூடவே பிளாஸ்டிக். அந்த நியூஸ் வந்த அன்னிக்கு என்னால சோறு திங்க முடியல. உங்க அண்ணன் கிட்ட சொல்லி பாப்பாவுக்கு துணி நாப்கின் கொண்டு வரச்சொல்லுங்க, நான் தொவைக்க வெந்நி வெச்சே குடுக்குறேன், இங்க வந்து தங்கலைன்னாலும் சரி.

அடுத்தது வண்டி. எங்களுக்கு குப்பைய விட பெரிய கஷ்டம் இப்ப இது தான். ஐகோர்ட் சொல்லி 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சு, அப்புறம் 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுல 8000 வண்டின்னு கணக்கு வெச்சாங்க. எங்க டிஎன் 43 வண்டிக்கும் கவர்மென்ட் பஸ்ஸுக்கும் பாஸ் வேண்டாம். உங்க தங்கச்சிக்கு இது தெரிஞ்சு தான் பஸ்னு சொல்லியிருக்கும். மே மாசம் பூரா மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறுற வண்டி பர்லியாறு வழி, எறங்குறது கோத்தகிரி வழின்னு ஒருவழிப்பாதை போடுவாங்க, அப்படியும் நிக்கும். மூணு வருஷம் முன்னாடி எங்க மாமனாருக்கு நெஞ்சுவலின்னு கீழ கூட்டிட்டு போனப்ப ஆம்புலன்ஸ் ஒரே எடத்துல முக்கா மணி நேரம் நின்னுச்சு, முன்னாடி பின்னாடி எல்லாம் டூரிஸ்ட் கார், பாதிக்கு மேல ரெண்டு பேர் மூணு பேர் தான் உள்ள. அவர் பொழைச்சுட்டாரு. ஆனா அந்த முக்கா மணி நேரத்த நான் மறக்க மாட்டேன்.

2கே பசங்களையும் முழுசா தூக்கி வெச்சு பேச மாட்டேன். நெறைய பேரு வாடகை பைக்ல ஏறி வந்து, ரீல்ஸ்ல பாத்த அந்த ஒரு டீ எஸ்டேட் வளைவுல ரெண்டு மணி நேரம் நின்னு எடுத்துட்டு, அன்னிக்கே எறங்கிருவாங்க. ஒரு டீ கூட குடிக்க மாட்டாங்க. உங்க தங்கச்சி சொல்ற மாதிரி நாலு நாள் ஒரே எடத்துல இருந்து, பஸ்ல சுத்தி, மெஸ்ல சாப்புட்டு போறவங்க தான் எங்களுக்கு சந்தோசம். தங்கும்போது மட்டும் தண்ணிய பாத்து செலவு பண்ணுங்க, எங்க ஊருக்கு தண்ணி குடுக்கற ரேலியா டேம்ல தண்ணி கொறையறது சரியா சீசன்ல தான், வாரத்துக்கு ஒருக்கா தண்ணி வர்ற வீட்ல இருந்துட்டு ரூம்ல ரெண்டு பக்கெட் வெந்நி கேக்கறவங்களுக்கு ஊத்தறோம்.

மலைக்கோட்டை 2கே:

நான் 22, திருச்சி, போன வருஷம் தான் வேலைக்கு சேந்தேன், உங்க தங்கச்சி செட்டு தான், அதனால அவங்க சார்பா பேசுறேன்னு வெச்சுக்கங்க.

மொதல்ல அந்த கோவா ஃப்ளைட். அண்ணா, சென்னைல இருந்து கோவாவுக்கு தினமும் நேரடி ரயில் கெடையாது. ஆறு ஃப்ரெண்ட்ஸுக்கு ஒண்ணா லீவு கெடைக்கறது வெள்ளி சாயங்காலத்துல இருந்து ஞாயிறு நைட் வரைக்கும் தான், அதுல பெங்களூர் போயி வண்டி மாறுனா போக வரவே லீவு முடிஞ்சிடும். ட்ரிப் முடிவாகறதே பத்து நாள் முன்னாடி, அப்ப ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட் நூத்தம்பது. தட்கல்ல ஏசிக்கு பத்து மணி, ஸ்லீப்பருக்கு பதினொரு மணின்னு உக்காந்து சுத்தறத பாத்துக்கிட்டே இருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். அதே நேரத்துல ஃப்ளைட் ஆஃபர்ல கெடைக்குது. நான் செஞ்சது சரின்னு சொல்ல வரல. ஃப்ளைட்டு மேல ஏறும்போது தான் எரிபொருள் ரொம்ப குடிக்கும், அதனால சின்ன தூரத்துக்கு பறக்கறது கிலோமீட்டர் கணக்குல இன்னும் மோசம்னு எனக்கு தெரியும், தெரிஞ்சே போயிருக்கேன், திரும்பி வந்து கஷ்டமாவும் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு ஒரு தப்பு பண்ணுனா இன்னிக்கு சரியானத சொல்லக்கூடாதுன்னு இல்லல்ல. உங்க அண்ணன் கேட்டது அந்த பொண்ண வாயடைக்க, பதில் தெரிஞ்சுக்க இல்ல. அதான் அது க்ரூப்ப விட்டு போயிருக்கு.

இப்ப உங்க மொத கேள்வி, கணக்கே போட்டு காட்டுறேன். சென்னை டு ஊட்டி ஏறக்குறைய 550 கிலோமீட்டர், போக வர 1100. கார் லிட்டருக்கு 14 குடுக்குதுன்னு வைங்க, மலை ஏத்தத்துல கொறையும், பரவால்ல. ஒரு காருக்கு 79 லிட்டர், ரெண்டு காருக்கு 158. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், ஆக 360 கிலோ கிட்ட, ஒம்போது பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 40 கிலோ. நீங்களும் அண்ணியும் மட்டும் போற ட்ரிப்னா ஆளுக்கு 90. பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தான் குடுக்கும், டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, ஆனா அம்பது பேர் உக்காந்திருக்காங்க, அதே 1100 கிலோமீட்டருக்கு ஆளுக்கு 15 கிலோ தான். ரயிலும் அந்த பஸ்ஸுக்கு பக்கத்துல தான் வரும், கரன்ட் இன்ஜின் ஓடினாலும் அந்த கரன்ட் பெரும்பாலும் நிலக்கரில இருந்து தான் வருது, நெய்வேலிக்காரருக்கு இத நான் சொல்லித்தர வேண்டியதில்ல.

இன்னொன்னு, இந்த கணக்கு படி பாத்தா ஸ்டீல் பாட்டில் பெருசா ஒண்ணும் இல்ல தான். ஒரு பிளாஸ்டிக் பாட்டில மிச்சம் பண்ணுறது கிராம் விஷயம், காரா பஸ்ஸாங்கறது கிலோ விஷயம். ஆனா யானை வயித்துக்குள்ள போறது அந்த பிளாஸ்டிக் தான், அதனால அது வேற கணக்கு இது வேற கணக்கு, ரெண்டையும் சேத்து எது பெருசுன்னு சண்ட போட வேணாம்.

எங்க செட்டுல எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. ட்ரிப்புக்குன்னு புதுசா ட்ரெஸ் வாங்குறது. மூணு நாளுக்கு ஆறு ட்ரெஸ், எல்லாம் ஃபோட்டோவுக்கு, அப்புறம் அலமாரில கெடக்கும். நானும் வாங்கியிருக்கேன், இனிமே மாத்தணும்.

சேலம் டிடிஆர்:

தம்பி, நான் ரயில்வேல டிடிஆரா இருந்து ரிடையர் ஆனவன், 67 வயசு. உங்க ரெண்டு செட்டும் பேசுறத படிச்சேன், எங்க காலத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இப்படி பேச்சு வந்தா உடனே "அந்தக் காலத்துல கூஜால தண்ணி, மந்தார எலைல புளிசாதம், எவ்ளோ நல்லா இருந்துச்சு"ன்னு யாராவது ஆரம்பிச்சிடுவாங்க.

கூஜா இருந்துச்சு, படுக்கைய சுருட்டி கட்டுற ஹோல்டால் இருந்துச்சு, இட்லிக்கு மொளகாப்பொடி எண்ண தடவி எலைல கட்டி எடுத்துட்டு போனோம், எல்லாம் நெசம். தின்னுட்டு எலைய ஜன்னல்ல போட்டா மாடு தின்னுடும். ஆனா எங்களுக்கு ஊர் சுத்திப் பாக்கன்னு ஒரு செலவே கெடையாது, வருஷத்துக்கு ஒரு தடவ குலசாமி கோயில், ஒரு கல்யாணம், ஒரு சாவு, அவ்ளோ தான் பயணம். காசு இல்லாததால போகல, அத பூமி மேல அக்கறைன்னு சொல்லிக்க எனக்கு வாய் வராது. அதே ரயில்ல டாய்லெட் எல்லாம் நேரா தண்டவாளத்துல தான், பயோ டாய்லெட் வர்ற வரைக்கும் அத கூட்டுன ட்ராக்மேன் பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தவன். பிளாஸ்டிக் கப்பு வந்தப்புறம் எலைய போட்ட அதே கை அதையும் ஜன்னல்ல போட்டுச்சு, மாடு அதையும் தின்னுச்சு. பழக்கம் அப்படியே இருந்துச்சு, பொருள் மாறிடுச்சு. தம்பி ஏழாவதுல தண்ணி பாக்கெட்ட வீசுனது எங்க கிட்ட கத்துக்கிட்டது தான்.

அந்த பொண்ணு ரயில்னு சொன்னது எனக்கு ரொம்ப சந்தோசம். ஆனா பத்து நாள் முன்னாடி ப்ளான் போட்டுட்டு ரயில திட்டுறது சரியில்ல பாப்பா/தம்பி, மலைக்கோட்டைகாரங்களுக்கு சொல்றேன். முன்ன 120 நாள் முன்னாடி ரிசர்வேஷன் இருந்துச்சு, 2024 நவம்பர் 1ல இருந்து 60 நாள். மே மாச நீலகிரி எக்ஸ்பிரஸ்னா மார்ச்லயே காலைல எட்டு மணிக்கு உக்காரணும், ஆதார் இணைச்ச ஐடி வெச்சுக்கங்க. ஆயாவுக்கு லோயர் பெர்த் கேட்டு போடுங்க, சீனியர் சிட்டிசன் கோட்டா இருக்கு, ஆனா ஒரே டிக்கெட்ல ஒம்போது பேர போட்டா அந்த கோட்டால வராது, ஆறு பேருக்கு மேல ஒரு டிக்கெட்ல போடவும் முடியாது. ஆயாவுக்கு தனியா ஒரு டிக்கெட் போட்டு, கூட ஒருத்தர் அதே கோச்சுல இருக்கற மாதிரி பாத்துக்கங்க.

பொம்மை ரயில் ஆசை இருந்தா அதுக்கும் இப்பவே பாருங்க. மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு எடுப்பான், நீலகிரி எக்ஸ்பிரஸ் அதுக்கு முன்னாடி வந்து சேந்துடும். 46 கிலோமீட்டர் ஏற அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். கல்லாறு தாண்டுனா பல்சக்கரத்துல கடிச்சு கடிச்சு ஏறும், குன்னூர் வரைக்கும் 1899ல போட்ட லைன், ஊட்டிக்கு 1908ல நீட்டுனது. ஆயா கண்டிப்பா சந்தோசப்படுவாங்க. சுத்தமான வண்டின்னு மட்டும் நெனச்சு ஏறாதீங்க, குன்னூர் வரைக்கும் நீராவி, அப்புறம் டீசல்.

நெய்வேலிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குன்னூர் அக்கா, அந்த ஆம்புலன்ஸ் விஷயத்த படிச்சிட்டு அரை மணி நேரம் ஃபோன கீழ வெச்சிட்டு உக்காந்திருந்தேன். அந்த கார்ல ஒண்ணு என்னோடதா கூட இருந்திருக்கலாம், அந்த வருஷ மே மாசம் நானும் வைஃபும் மேல வந்தோம்.

மலைக்கோட்டை சொன்ன கணக்க அப்படியே அண்ணனுக்கு அனுப்புனேன். படிச்சிட்டு ஒண்ணும் சொல்லல, சாயங்காலம் அவரே தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி பேசியிருக்காரு. என்ன பேசுனாங்கன்னு தெரியாது, அது க்ரூப்புக்கு திரும்பி வந்துடுச்சு. நான் தங்கச்சி கிட்ட நேரா கேட்டேன், கோவாவ பத்தி. "அண்ணா அந்த ட்ரிப்ல ஃப்ரெண்ட்ஸ் கிட்ட ரயில்னு சொல்ல எனக்கு தைரியம் வரல, தனியா கழட்டி விட்டுடுவாங்களோன்னு பயம், உங்க கிட்ட சொல்ல பயம் இல்ல அதான் சொன்னேன்"னு சொல்லிச்சு. இத கேட்டப்புறம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம வீட்லயே ஒரு இடத்துல தான் அதுக்கு தைரியமா பேச முடியுது, அங்கயும் நாம வாய அடைச்சிருக்கோம்.

முடிவு என்னன்னா நீலகிரி எக்ஸ்பிரஸ் தான், டிடிஆர் ஐயா சொன்ன மாதிரி ஆயாவுக்கு தனி டிக்கெட், அதே கோச்சுல நான். நாலு ராத்திரி ஒரே எடத்துல. அண்ணிக்கு துணி நாப்கின் விஷயத்துல இன்னும் தயக்கம், பாதி பாதி பண்ணலாம்னு சொல்றாங்க, பொம்மை ரயில்லயும் ராத்திரிலயும் டயபர், மத்த நேரம் துணி, அந்த டயபரையும் கட்டி திரும்ப சென்னைக்கே எடுத்துட்டு வர்றதா தங்கச்சி பொறுப்பு எடுத்திருக்கு.

ஒரே கவலை, பொம்மை ரயில் டிக்கெட் கெடைக்கலைன்னா மேட்டுப்பாளையத்துல ஆயாவ பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எப்படி கூட்டிட்டு போறது?

குன்னூர் மழை:

தூரமே இல்லீங்க, ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கம் தான், ஆயாவுக்கு முடியலைன்னா வெளிய ஆட்டோ நிக்கும். காலைல பஸ் அடிக்கடி இருக்கும். ஆயாவ டிரைவர் பக்கமா முன் சீட்ல உக்கார வைங்க, பின்னாடி போட்டா வளைவுல தூக்கித் தூக்கிப் போடும், வாந்தி வரும். ஒரு எலுமிச்சம்பழம் கைல குடுத்துருங்க. வயித்துக்கு காலைல ரெண்டு இட்லிக்கு மேல வேண்டாம், மேல வந்து சாப்புட்டுக்கலாம். ஆயாவுக்கு ஸ்வெட்டரும் காதுக்கு மப்ளரும் பையோட அடியில வெச்சிராதீங்க, குன்னூர் எறங்குன ஒடனே வேணும்.